தண்ணீரை இரண்டே வரியில் முடிக்கலாமா?
ஒரு சுரங்கத்தின் கனிமப் பதப்படுத்தும் ஆலையை விரிவாக்குவதற்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றி நான் படித்த கட்டுரை, வேலைவாய்ப்பையும் தூசியையும் விரிவாகச் சொல்கிறது. தண்ணீரை இரண்டே வரியில் முடித்துவிட்டது. எங்கள் தருமபுரி மாவட்டத்தில் அதுதான் முதல் கேள்வி. இங்கே பாறையிலிருந்தே புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. என் வயதுக்காரர்கள் பலரின் பல்லில் பழுப்புக் கறை உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதனால்தான்.

கனிமத்தை அரைத்து, நீரில் அலசிப் பிரித்தபின் மிஞ்சும் சேற்றைக் குட்டையில் தேக்குவார்கள். அது கசியாமலிருக்க அடியில் என்ன விரிப்பு? சுற்றிலும் எத்தனை கண்காணிப்புக் கிணறுகள்? ஐப்பசி மழைக்குக் கரை தாங்குமா? மழையில்லாத ஒரு பருவத்தின் அளவீட்டை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பழைய ஆலை தன் அனுமதி நிபந்தனைகளை நிறைவேற்றியதா என்பதையும் கேட்டே ஆக வேண்டும்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மதிப்பீட்டின் சுருக்க அறிக்கை தமிழிலும் கிடைக்க வேண்டும். (நான் போன ஒரு கூட்டத்தில் பாதிப் பேர் அதைப் பார்த்தேயிருக்கவில்லை.)

ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் உங்கள் கிணற்று நீரை இப்போதே சோதித்து, தேதியிட்ட முடிவைக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.