ஒப்பந்தக் கடிதத்தை மறந்துவிட்டீர்கள்

பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்கள் பற்றிய கட்டுரையில், இளம் விரிவுரையாளர்கள் தொழிற்சங்கப் பொறுப்பேற்கத் தயங்குகிறார்கள் என்று கட்டுரையாளர் குறைப்படுகிறார். அது சோம்பல் இல்லை ஐயா, ஒப்பந்தக் கடிதம் செய்யும் வேலை.

இலங்கையின் கிழக்கில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மூன்று ஆண்டுகள் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். களுவாஞ்சிகுடியில் விடியற்காலையில் பஸ் ஏறும்போது மடியில் விடைத்தாள் கட்டு இருக்கும். எங்களுக்கென்று மேசை கிடையாது. பழுதான புரொஜெக்டர்கள் கிடந்த அறையில், ஒரு பெட்டியின் மேல் தாளை வைத்துத்தான் புள்ளியிட்டேன். ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கையில் துறைத்தலைவர் சிரித்தாரா, சிரிக்கவில்லையா என்பதே எங்கள் பேச்சாக இருக்கும். அந்த நிலையில் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேச யாருக்குத் துணிவு வரும்?

2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டு மூன்று மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது. அப்போது நான் மாணவன். படிப்பு தள்ளிப்போகிறதே என்று எரிச்சல்பட்டாலும், சம்பளத்தோடு இலவசக் கல்வியையும் சேர்த்துப் பேசியதால் அவர்கள் பக்கம் நின்றேன். 2024இல் கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதோ, எங்கள் விரிவுரையாளர்களில் பலர் வீட்டிலிருந்து செய்தி பார்த்ததோடு சரி. (நானும்தான்.)

சங்க யாப்பை, அதாவது அதன் விதிகளைத் திருத்தி, நிர்வாகக் குழுவில் தற்காலிக விரிவுரையாளருக்கு ஓர் இடம் ஒதுக்கச் சொல்லி அடுத்த கட்டுரையை எழுதுங்கள். சந்தாவை நாங்களும் கட்டுகிறோம்.