பகடையை நடுமேசையில் உருட்டுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களிடையே தீராத பஞ்சாயத்து ஒன்று உண்டு. ஆட்டத்தை நடத்தும் டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர், முன்னால் ஓர் அட்டைத் திரையை நிறுத்திக்கொண்டு அதன் பின்னால் பகடை உருட்டுகிறார். விழுந்த எண் அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு எண்ணைச் சொல்லிவிடலாமா? ஃபட்ஜிங் என்பார்கள் இதை. நல்ல டிஎம் கதையைக் காப்பாற்ற இதைச் செய்துதான் ஆக வேண்டும் என்று ஒரு பெருங்கூட்டம் சொல்கிறது. நான் எதிர்க்கட்சி. திரையே வேண்டாம், எல்லோர் கண்ணெதிரிலும் உருட்டுங்கள் என்பவன். என்னோடு ஆடும் நண்பர்களுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால் இங்கே வந்திருக்கிறேன்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக: நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வாள் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டுத் திறக்கும் திருடர். "குகைக்குள்ளிருந்து புகை நாற்றம் வருது, என்ன பண்றீங்க?" என்று டிஎம் கேட்பார். செய்வதை நாம் சொல்வோம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை முடிவு செய்யும். ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. ஓர் ஆட்டம் வருடக்கணக்கில்கூட ஓடும்.

1974-இல் வெளியான இதை உருவாக்கியவர்கள் இரண்டு அமெரிக்கர்கள். மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன், விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சிறிய ஊரில் இருந்த கேரி கைகாக்ஸ். இருவரும் குட்டிப் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போர் விளையாட்டு ஆடிப் பழகியவர்கள். ஒரு படையை நகர்த்துவதற்குப் பதில் ஒரே ஓர் ஆளாக நீ இரு, நிலவறைக்குள் இறங்கு என்று மாற்றியதில்தான் எல்லாம் தொடங்கியது. முதல் அச்சு 1000 பெட்டிகள். ஒரு பெட்டி 10 டாலர், உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். வீட்டில் உட்கார்ந்து கையாலேயே அடுக்கிய பெட்டிகள் அவை.

அந்தக் காலத்துப் பகடைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இருபது முகப் பகடை அப்போது விளையாட்டுக் கடையில் கிடைக்காது. பள்ளிக்கூடக் கணக்குப் பாடத்துக்கான சாமான் விற்கும் கலிஃபோர்னியா நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கினார்கள். அதில் 1 முதல் 20 வரை எண் இருக்காது. 0 முதல் 9 வரை இரண்டு தடவை இருக்கும். மட்டமான பிளாஸ்டிக், உருட்ட உருட்ட முனை மழுங்கி உருண்டையாகிவிடும். 70களின் இறுதியில் பகடைக்கே தட்டுப்பாடு வந்தது. வெட்டி எடுக்க எண் போட்ட அட்டைத் துண்டுகளைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள், கோப்பையில் போட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 80களின் தொடக்கத்தில் வந்த பெட்டிகளில் பகடையோடு ஒரு கிரேயானும் இருக்கும். எண்ணின் பள்ளத்தில் அதைத் தேய்த்து நிரப்பினால்தான் எண்ணே கண்ணுக்குத் தெரியும். பூதங்களின் கதையும் இப்படித்தான். இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர் கைகாக்ஸுக்குப் புராணத்தில் கிடைத்ததல்ல. மலிவு விலைக் கடையில் வாங்கிய ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைப் பையில் இருந்த, என்னவென்றே சொல்ல முடியாத ஒரு ஜந்து அது.

சரி, பஞ்சாயத்துக்கு வருகிறேன்.

நான் நடத்துவது 1981-இல் வந்த பேசிக் விதிகளை, அதாவது புதிதாக ஆடுகிறவர்களுக்கான எளிய பதிப்பை, ஒட்டிய ஆட்டம். அதில் எனக்கு உயிரான விதி ஒன்று உண்டு, ரியாக்‌ஷன் ரோல். வழியில் பூதமோ கொள்ளைக்காரனோ எதிர்ப்பட்டால், அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை இரண்டு சாதாரண ஆறுமுகப் பகடைகளை உருட்டிப் பார்க்க வேண்டும். கூட்டல் 2 வந்தால் உடனே தாக்குவார்கள். 3 முதல் 5 வரை பகை, அடி விழலாம். 6 முதல் 8 வரை, என்ன செய்வதென்று அவர்களுக்கே தெரியாது. 9 முதல் 11 வரை சண்டை இல்லை. 12 வந்தால் உற்சாகமாக நட்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பார்த்தவுடன் பாய்வதற்கு 36-இல் ஒரே ஒரு வாய்ப்புதான். 36-இல் 16 தடவை எதிரில் நிற்பவனும் நம்மைப் போலவே முழித்துக்கொண்டு நிற்பான். கத்தி எடுத்து வெட்டும் விளையாட்டு என்று பெயர் வாங்கிய ஒன்றின் விதியில் இது இருக்கிறது!

ஆறு கோப்ளின்களை, அதாவது குட்டிப் பூதங்களை, ஒரு குகை வளைவில் வைத்திருந்தேன். சண்டை என்றுதான் என் நோட்டில் எழுதியிருந்தேன். எங்கள் மந்திரவாதி அன்றைக்கு இருந்த ஒரே மந்திரத்தையும் செலவழித்தாகிவிட்டது. வாள் வீரருக்கு உயிர்ப்புள்ளி இரண்டு மிச்சம். நடுமேசையில் உருட்டினேன். ஆறு, ஆறு.

"இவனுங்க ஏன்டா சிரிக்கிறானுங்க?" என்று கேட்டார் வாள் வீரராக ஆடும் அண்ணன்.

எனக்கே தெரியாது. மேசையைச் சுற்றி எல்லோரும் 12-ஐப் பார்த்துவிட்டார்கள், பதில் சொல்லியாக வேண்டும். நாலு விநாடி யோசித்து, "பக்கத்துக் குகை ஓர்க் தலைவனை அடிச்சது நீங்கதானா? எங்க சம்பளத்தை அவன்தான் ஒரு வருஷமா பிடிச்சு வெச்சிருந்தான்" என்று ஒரு கோப்ளினைப் பேச வைத்தேன். அதுவரை கோப்ளினுக்குச் சம்பளம் உண்டு என்று எனக்கே தெரியாது. அவனுக்குக் கோவிந்தன் என்று பெயர் வைத்தார்கள். கூடவே வந்துவிட்டான். அடுத்த சில மாதங்களுக்கு எங்கள் ஆட்டமே சம்பளப் பாக்கியை வசூலிக்கப் போகும் கதையாக மாறிப்போனது. நான் எழுதி வைத்திருந்த இருண்ட கோபுரமும் சாபமிட்ட இளவரசியும் இன்னும் நோட்டிலேயே கிடக்கிறார்கள். சொல்லப்போனால் கோவிந்தன் கதைதான் நன்றாக இருந்தது. அது என் மூளையில் இருந்து வந்திருக்கவே முடியாது.

திரைக்குப் பின்னால் உருட்டியிருந்தால் அந்த 12-ஐ 5 என்று சொல்லியிருப்பேன். தயாரித்து வைத்த சண்டையை விட யாருக்கு மனம் வரும்?

இதே விதிகளில் இன்னொரு சங்கதி உண்டு. ஒரு கோப்ளினைக் கொன்றால் அனுபவப் புள்ளி 5. ஒரு தங்கக் காசைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தால் 1. வாள் வீரர் இரண்டாம் லெவலுக்குப் போக 2000 வேண்டும். 400 கோப்ளின்களை வெட்டுவதை விட, அவர்கள் தூங்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மேல். பகடை இரக்கம் காட்டாது என்று தெரிந்தால்தான் பிளேயர்கள் இந்தக் கணக்கைப் போடுவார்கள். டிஎம் எப்படியும் காப்பாற்றிவிடுவார் என்று தெரிந்தால் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். அப்புறம் தந்திரமாவது, பேரமாவது.

எதிர்த்தரப்புக்குப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது, மறைக்க மாட்டேன். டிஎம்களுக்காகக் கைகாக்ஸ் 1979-இல் எழுதிய தடிமனான வழிகாட்டிப் புத்தகத்தில், பகடையை மீறும் உரிமை டிஎம்முக்கு உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிளேயர் வெறும் துரதிர்ஷ்டத்தால் சாக வேண்டுமா என்பது அவர் தரப்பு. பெரியவர் சொன்னால் பெருமாள் சொன்னதா? அந்தப் புத்தகம் முழுக்க அட்டவணைதான். நிலவறையின் அறைகளையே உருட்டி உருட்டி உண்டாக்கும் அட்டவணைகூட அதன் பின்னிணைப்பில் இருக்கிறது. அத்தனை அட்டவணை போட்டவருக்குப் பகடையின் ருசி தெரியாமலா இருக்கும்? அந்த ஒரு பத்தியில் கொஞ்சம் மனம் இளகிவிட்டார் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

நம் ஊர்த் திண்ணையில் தாயக்கட்டையை முந்தானைக்குள் உருட்டி "தாயம்" என்று அறிவிக்க ஒரு அத்தை முயன்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இப்போது வருகிறவர்களில் பலர் இந்த ஆட்டத்தை இணையத்தில் ஆடிக்காட்டும், 2015-இல் தொடங்கிய கிரிட்டிக்கல் ரோல் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் அங்கே ஆடுவது தொழில்முறைக் குரல் நடிகர்கள். அழ வேண்டிய இடத்தில் அழத் தெரிந்தவர்கள். அதைப் பார்த்த புது டிஎம் தன் ஆட்டமும் அப்படி உச்சக்காட்சிகளோடு ஓட வேண்டும் என்று நினைக்கிறார். பிளேயர்கள் பத்துப் பக்கத்துக்குப் பூர்வகதை எழுதிக்கொண்டு வருகிறார்கள். அத்தனை எழுதியவரை முதல் நாளே எலி கடித்துச் சாகவிட யாருக்கு மனம் வரும்? திரையும் திருத்தலும் வருவது இங்கிருந்துதான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பாசம்தான். கணினிக்கும் இந்தப் பாசம் தொற்றிவிட்டது. 2023-இல் வந்து சக்கைப்போடு போட்ட பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டில் கார்மிக் டைஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. தொடர்ந்து மோசமாக விழாதபடி பகடையைக் கொஞ்சம் தட்டிக்கொடுக்கும். நாமாக அணைக்காதவரை அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். நான் ஆட்டத்தை நிறுவியதும் முதலில் அணைத்தது அதைத்தான்.

கோவிந்தனைக் கொன்றது ஒரு ராட்சதச் சிலந்தி. விஷம் ஏறாமல் தப்ப இருபது முகப் பகடையில் குறைந்தது 14 விழ வேண்டும். எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்கள். 13 விழுந்தது. ஒரே ஒரு எண். திரை இருந்திருந்தால் நான் 14 என்று சொல்லியிருப்பேனா? சத்தியமாகச் சொல்லியிருப்பேன், எனக்கும் அவனைப் பிடிக்கும். அப்படிச் சொல்லியிருந்தால், மந்திரவாதியாக ஆடும் தோழி அவன் பங்குச் சம்பளத்தை அவன் குகைக்கே கொண்டுபோய்க் கொடுத்த அந்த அடுத்த செஷன் எங்களுக்குக் கிடைத்திருக்காது. கோபித்துக்கொண்டவர்கள் பகடையைத் திட்டினார்கள். என்னை ஒருவரும் திட்டவில்லை. டிஎம்மாக இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

விதிவிலக்கு உண்டா? உண்டு. கதவில் காது வைத்துக் கேட்பது, பொறி இருக்கிறதா என்று தேடுவது, இவற்றை மறைத்துத்தான் உருட்ட வேண்டும். "ஒண்ணும் கேட்கலை" என்று நான் சொல்வது உண்மையிலேயே அமைதியாலா, அவருக்காக நான் உருட்டியது மோசமானதாலா என்பது பிளேயருக்குத் தெரியக் கூடாது. அங்கே நான் மறைப்பது எண்ணை மட்டும், விழுந்ததை மாற்றுவதில்லை. குழந்தைகளோடு ஆடும்போது? அங்கேயும் மாற்ற மாட்டேன், ஆனால் உருட்டும் முன்பே தோற்றால் என்ன ஆகும் என்பதை இலேசாக்கிவிடுவேன். சாவுக்குப் பதில் சிறைபிடிப்பு. பேரம் எல்லாம் உருட்டுவதற்கு முன்னால், அவ்வளவுதான்.

என்ன பகடை வாங்கலாம் என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏழு பகடை கொண்ட செட் ஒன்று போதும். உள்ளே மினுமினுப்புத் தூள், தங்கப் பூ வேலை எல்லாம் கையில் வைத்துப் பார்க்க அழகாகத்தான் இருக்கும், என் டப்பாவிலும் நிறைய இருக்கின்றன. ஆட்டத்துக்கு அவற்றை எடுத்து வராதீர்கள். அடர்ந்த நிறத்தில் பகடை, வெள்ளையில் பெரிய எண். எதிர்நாற்காலியில் கண்ணாடி போடாமல் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கும் 13 என்று தெரிய வேண்டும்.