ஒல்லியான தோள் அகலமாக புஷ்-அப் மட்டும் போதாது

சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போகவிருக்கும் ஒல்லித் தம்பிகள் பலர் புஷ்-அப்பையே மலைபோல் நம்பி இருக்கிறார்கள். 2015 முதல் ஐபிபிடி என்னும் ராணுவ உடற்தகுதிச் சோதனையில் இருப்பது புஷ்-அப், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என்ற மூன்றுதான். சோதனைக்கு அது சரி, தோள் அகலத்துக்குப் போதாது. புஷ்-அப் நெஞ்சையும் தோளின் முன்பக்கத்தையும் வளர்க்கும். எதிரே நின்று பார்ப்பவருக்குத் தோளை அகலமாகக் காட்டுவது பக்கவாட்டு டெல்டாய்டு தசை. அதற்குப் புஷ்-அப்பில் வேலை மிகக் குறைவு.

கழுத்தடியிலிருந்து தோள்வரை போகும் காறை எலும்பின் நீளத்தை நம்மால் மாற்ற முடியாது. இருபதுகளின் நடுப்பகுதிக்குள் அதன் வளர்ச்சி முடிந்துவிடும். எலும்பை அகலமாக்குகிறேன் என்று சொல்லும் காணொளிகளை நம்பாதீர்கள். தசையை வளர்க்கலாம், அது எந்த வயதிலும் நடக்கும்.

பக்கவாட்டுத் தசைக்கு, டம்பெல்லைப் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் தூக்கும் லேட்டரல் ரைஸ்தான் முதல் பயிற்சி. ஆக்டிவ்எஸ்ஜி என்னும் பொது ஜிம்களில் அதிகம் கெட்டுப்போவதும் இதுதான். 10 கிலோ டம்பெல்லை எடுத்து, இடுப்பை ஆட்டி, தோளைக் காதுவரை தூக்கினால் வேலை கழுத்துத் தசைக்குப் போய்விடும். 3 அல்லது 4 கிலோவில் தொடங்குங்கள், அதில் வெட்கமே வேண்டாம். உடம்பைச் சற்றே முன்னால் சாய்த்து, முழங்கையை லேசாக மடக்கி வையுங்கள். கையை நேர்பக்கமாகத் தூக்காமல் 30 டிகிரி அளவு முன்தள்ளித் தூக்குங்கள். தோள் உயரம் வந்ததும் நிறுத்தி, இரண்டு மூன்று வினாடி எடுத்து இறக்குங்கள். ஜாடியில் தண்ணீர் ஊற்றுவதுபோல் கட்டைவிரலைக் கீழே திருப்பச் சொல்வார்கள், கேட்காதீர்கள். தோள் மூட்டில் தசைநார் நசுங்கி வலி வர அது ஒரு காரணம்.

12 முதல் 20 முறை, 3 செட், வாரம் மூன்று நாள். செட் முடியும்போது இன்னும் ஒன்றிரண்டு முறைதான் தூக்க முடியும் என்ற நிலை இருக்க வேண்டும். எடையைக் கூட்ட அவசரம் வேண்டாம். 4 கிலோவிலிருந்து 6 கிலோவுக்குப் போனால் ஒரே தாவலில் பாதி எடை கூடிவிடுகிறது. அதனால் மூன்று செட்டிலும் 20 வந்த பிறகே மாற்றுங்கள்.

அதோடு எடையைத் தலைக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரெஸ், வாரம் இரண்டு நாள், 6 முதல் 10 முறை, 3 செட். பிட்டத்தை இறுக்கி நின்றால் இடுப்பு வளையாது. பாரைக் கழுத்துக்குப் பின்னால் இறக்காதீர்கள். பின்தோளுக்கு, ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்னும் ரப்பர் பட்டையை முகத்தை நோக்கி இழுக்கும் ஃபேஸ் புல், 15 முறை, 3 செட். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குக்குக் கீழே உள்ள கம்பியில் புல்-அப் எடுங்கள். ஒன்றுகூட வரவில்லையா? குதித்து மேலே போய் 5 வினாடியில் மெதுவாக இறங்குங்கள். முதுகு விரிந்தால் இடுப்பு ஒடுங்கித் தெரியும், தோளும் அகன்று தெரியும்.

இத்தனையும் செய்து சாப்பாடு பழையபடியே இருந்தால் ஒன்றும் நடக்காது. ஒல்லியானவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஜிம்மில் அல்ல, தட்டில். "நான் நிறையத்தான் சாப்பிடுகிறேன்" என்பவரை மூன்று நாள் சாப்பிட்டதை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். காலையில் வெறும் கோப்பி, மதியம் இரண்டு பிராட்டா என்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 1.6 கிராம் புரதம் தேவை. 55 கிலோ உள்ளவருக்கு 88 கிராம். இரண்டு முட்டையில் 12, வேகவைத்த 150 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் ஏறக்குறைய 45, அரை லிட்டர் பாலில் 16, 100 கிராம் தெம்பேயில் (புளிக்கவைத்த சோயா) 19. கணக்கு முடிந்தது. இதை ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள். சைவர்கள் கோழிக்குப் பதில் தெம்பே, தாவ் குவா (கெட்டியான டோஃபு), பருப்பு, தயிர் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம்.

அதற்கு மேல் நாளுக்கு 300 முதல் 500 கலோரி கூடுதலாக வேண்டும். 50 கிராம் வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும் அதைத் தந்துவிடும். எடை கூட்டும் பொடி என்று பெரிய டப்பாவில் விற்கும் மாஸ் கெய்னரில் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற மாவுச்சத்துதான் இருக்கும், அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். துணைப் பொடிகளில் தசை வலுவுக்கு உதவும் கிரியேட்டின் மட்டும் பயனுள்ளது, நாளுக்கு 3 முதல் 5 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

வாரம் 150 முதல் 250 கிராம் எடை ஏறினால் சரியான வேகம். தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை எடுங்கள். இரண்டு வாரம் ஏறவில்லையென்றால் சோற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள், பயிற்சித் திட்டத்தை மாற்றாதீர்கள். தோள் நுனியில் குத்தினாலோ, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாவிட்டாலோ பிரெஸ்ஸை நிறுத்திப் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள்.