ஸ்வாப்பினஸ் 0 என்றால் ஸ்வாப் அணைந்துவிடுமா?

ஸ்வாப் என்பது ரேம் நிறையும்போது அதிலுள்ளதைத் தள்ளி வைக்க டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்; அதில் எழுத எழுத எஸ்எஸ்டி டிஸ்க் தேயும். ‘லினக்ஸில் ஸ்வாப்பினஸை 0 ஆக்கினால் ஸ்வாப் அணைந்துவிடும், எஸ்எஸ்டி தேயாது’ என்றொரு குறிப்பு சுற்றி வருகிறது. தவறு. ஸ்வாப்பினஸ் ஒரு சுவிட்ச் அல்ல. ரேம் தட்டுப்படும்போது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எதை முதலில் வெளியே தள்ளும் என்பதைச் சாய்க்கும் எண். வழக்கமாக 60. 0 வைத்தாலும், காலி ரேமும் ஃபைல் கேஷும் (டிஸ்க்கிலிருந்து படித்து ரேமில் வைத்த கோப்பு நகல்கள்) வற்றிப்போனால் ஸ்வாப்பில் எழுதத்தான் செய்யும். டெர்மினலில் ‘ஃப்ரீ -எச்’ (free -h) கொடுத்துப் பாருங்கள்: ஸ்வாப் வரியில் மொத்த அளவு அப்படியே நிற்கும்.

நிஜமாக அணைப்பது ‘ஸ்வாப்ஆஃப் -ஏ’ (swapoff -a) கட்டளை. ரீபூட் செய்தால் திரும்பிவிடும். நிரந்தரமாக வேண்டுமானால் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பில் ஸ்வாப் வரிக்கு முன் # போட வேண்டும். 2 ஜிபி ரேம் கணினியில் ஸ்வாப்பை அணைப்பது வேண்டாத வேலை. நாலைந்து கனமான டேப் திறந்ததுமே டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், எல்லாம் உறையும், கடைசியில் கெர்னலே பிரவுசரைக் கொன்றுவிடும். எஸ்எஸ்டி மேல் அக்கறை என்றால் இசட்ரேம் (zram) போடுங்கள். அது நினைவகப் பக்கங்களை (ரேமிலுள்ள தரவுத் துண்டுகளை)ச் சுருக்கி ரேமுக்குள்ளேயே வைக்கும்.