இரண்டு ஆட்டத்தோடு முடிந்துபோன எங்கள் கால்பந்து சீசன்

கிருஷ்ணகிரியில் நான் படித்த கல்லூரியின் கால்பந்து அணிக்கு இந்த ஆண்டின் சீசன் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், சேலத்தில், ஒரு புதன்கிழமை மதியத்தோடு முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நடந்த முதல் ஆட்டத்தில் 2-0 என்று வென்றோம். மறுநாள் 1-0 என்று தோற்றோம். கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி நாக் அவுட் முறையில் நடப்பதால், அந்தப் பையன்களுக்கு இந்தக் கல்வியாண்டில் இனி ஆட்டமே கிடையாது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அதே அணியில் லெஃப்ட் பேக்காக ஆடியவன் என்ற முறையிலும், இப்போது காலை நேரங்களில் மைதானத்துக்குப் போய் உடற்கல்வி இயக்குநருக்குக் கூடமாட உதவுகிறவன் என்ற முறையிலும் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

தோற்றது குறித்து எனக்கு வருத்தம் உண்டு, புகார் இல்லை. எதிரணி நன்றாக ஆடியது. ஆனால் அந்த ஒரு கோல் விழுந்த விதம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. இரண்டாம் பாதியில் தூறல் பிடித்துக்கொண்டது. இடது பக்கத்திலிருந்து அவர்கள் அடித்த கார்னர் கோல் முகத்துக்கு நேரே இறங்கியபோது, எங்கள் கோல் கீப்பர் சரியான நேரத்தில்தான் எம்பினான். ஆனால் குத்தித் தள்ளுவதா, பிடிப்பதா என்று அரை நொடி தயங்கியதில், நனைந்த பந்து கையுறையில் வழுக்கி, அவர்களுடைய ஃபார்வர்டின் காலடியிலேயே போய் விழுந்தது. காலைத் தூக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, தட்டிவிட்டால் போதும் என்ற தூரம். அந்தப் பையன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரி அணிக்காக அவன் ஆடிய இரண்டாவது ஆட்டம் அது. ஆள் நெருக்கத்தில், மழையில், எந்தப் பந்தைப் பிடிக்க வேண்டும், எதைக் குத்த வேண்டும் என்பதைப் பயிற்சியில் எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் கைக்கு வந்துவிடாது. பத்து ஆட்டத்தில் நாலு தவறு செய்தால்தான் வரும். அவனுக்கு நாம் கொடுத்தவை இரண்டே ஆட்டங்கள்.

இந்த இரண்டு ஆட்டங்களுக்காக அவர்கள் எவ்வளவு உழைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கல்லூரி இரண்டு ஷிப்டாக நடக்கிறது. காலை ஷிப்டு மாணவர்களும் மதிய ஷிப்டு மாணவர்களும் ஒன்றாகச் சேரும் நேரம் விடியற்காலை மட்டுமே. பர்கூரிலிருந்தும் காவேரிப்பட்டணத்திலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறு மணிக்குள் வந்துவிடுவார்கள். ஜூன் கடைசியில் பயிற்சி தொடங்கியபோது மாங்காய் சீசன் முடிந்திருக்கவில்லை. மாங்கூழ்த் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு நேராக மைதானத்துக்கு வந்த பையன்கள் இருவர் எங்கள் நடுவரிசையில் ஆடினார்கள். மைதானம் சரளை கலந்த செம்மண். விழுந்தால் முழங்கால் தோல் மண்ணோடு போய்விடும். பந்தின் எடை விதிப்படி 410 முதல் 450 கிராமுக்குள் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாகத் தேய்ந்து, மழையில் ஊறி ஊறிக் காய்ந்த எங்கள் பந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி எழும்பும். அதில் பழகிவிட்டுச் சேலத்தில் புதுப் பந்தைத் தொட்டவர்களுக்கு முதல் இருபது நிமிடம் பந்தை நிறுத்துவதே பெரும்பாடாக இருந்தது.

ஏறக்குறைய 60 காலைகள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்கிட்டால் 90 மணி நேரப் பயிற்சி. பாதிக்கு 35 நிமிடம் என்று நடந்த இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தால் அவர்கள் போட்டியில் ஆடியது 140 நிமிடம். அணியில் 16ஆம் எண் ஜெர்சி ஒரு முதலாமாண்டு மாணவனுக்குக் கிடைத்தது. இரண்டு ஆட்டத்திலும் அவனை இறக்க வாய்ப்பு வரவில்லை. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் இறங்கியதும் அந்த ஜெர்சியை, கொடுத்தபோது இருந்த மடிப்புக் கலையாமல், அப்படியே என்னிடம் திருப்பித் தந்தான்.

நாக் அவுட் முறையை நடத்துகிறவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. சில நாள்களில், ஒரே ஊரில், குறைந்த செலவில் வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்க வேறு வழி இல்லை. ஆனால் அந்த முறையின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 16 அணிகள் கலந்துகொண்டால் மொத்தம் 15 ஆட்டங்கள். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு ஊர் திரும்பிவிடும், இன்னும் நான்கு அணிகள் இரண்டு ஆட்டத்தோடு. அதாவது, நான்கில் மூன்று பங்கு அணிகளுக்கு ஓராண்டுக் கால்பந்து என்பது ஒன்றோ இரண்டோ ஆட்டம்தான். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகித் தென் மண்டலப் போட்டிக்குப் போக வேண்டும் என்று கனவு காணும் பையன், தன் திறமையை அந்த ஒரு மணி நேரத்துக்குள் காட்டியாக வேண்டும். அன்று கணுக்கால் பிசகிவிட்டால் அவனுடைய ஆண்டு போயிற்று.

எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும் லீக் முறையில் தோல்விக்குப் பிறகும் அடுத்த வாரம் என்று ஒன்று உண்டு. கோயம்புத்தூரைத் தன் மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி, இந்தியக் கால்பந்து கிளப்புகள் மோதும் ஐ-லீக்கின் 2018-19 சீசனில் 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் எடுத்துப் பட்டம் வென்றது. இரண்டாமிடம் வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42 புள்ளிகள். கடைசி நாள் வரை இழுத்த அந்த லீக்கில் சென்னை சிட்டி இடையில் தோற்ற ஆட்டங்களும் உண்டு. நாக் அவுட்டாக இருந்திருந்தால் முதல் தோல்வியிலேயே அவர்கள் பெட்டியைக் கட்டியிருப்பார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். பல்கலைக்கழகப் போட்டி இப்போது நடப்பது போலவே நடக்கட்டும். அதற்கு முன்பாக, கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரண்டு மாவட்டக் கல்லூரிகளும் தமக்குள் ஒரு லீக் நடத்திக்கொள்ள வேண்டும். 2004 வரை ஒரே மாவட்டமாக இருந்தவர்கள்தாம் நாம். இரண்டு தலைநகரங்களுக்கும் இடையே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஓசூர், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் என்று எல்லாப் பக்கத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன. எட்டுக் கல்லூரிகள் முன்வந்தால், ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடும் ஒரு முறை மோத, மொத்தம் 28 ஆட்டங்கள். ஏழு சனிக்கிழமைகள் போதும். ஜூலையில் தொடங்கினால் ஆகஸ்ட் முடிவதற்குள் முடித்துவிடலாம். வகுப்பும் கெடாது, வருகைப் பதிவுக்காக ஓ.டி. (ஆன் டியூட்டி) கேட்டுத் துறைத்தலைவர்களின் அறை வாசலில் மாணவர்கள் நிற்கவும் வேண்டாம்.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். சேலத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிச் சாப்பிட ஆகும் செலவோடு ஒப்பிட்டால், காலையில் தருமபுரிக்குப் போய் மதியம் திரும்பி வரும் பயணத்துக்கு ஆகும் பஸ் காசு பெரிதல்ல. நடுவர்களாக நிற்க என்னைப் போன்ற பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறோம். முறையான நடுவர் பயிற்சி எடுத்தவர்களும் நம்மிடையே உண்டு. கோடு போடச் சுண்ணாம்பும் இரண்டு நல்ல பந்தும் வாங்க எங்கள் பேட்ச் நண்பர்களே பணம் போட்டுவிடுவார்கள். உண்மையான சிக்கல் கடிதப் போக்குவரத்துதான். ஒரு கல்லூரி முதல்வர் சம்மதித்தால் மற்றவர்களும் சம்மதிப்பார்கள் என்பது என் அனுபவம்.

எங்கள் ரைட் பேக் மூன்றாம் ஆண்டு மாணவன். வரும் ஏப்ரலில் படிப்பை முடித்துவிட்டு ஓசூரில் ஏதாவது கம்பெனியில் சேரப்போகிறான். லீக் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, “அண்ணா, எனக்கு இனி ஆட முடியாது. சனிக்கிழமை ஷிப்டு இல்லாம இருந்தா லைன்ஸ்மேனா நிக்க வரேன்” என்றான்.

இரண்டு மாவட்டக் கல்லூரிகளிலும் பணியாற்றும் நண்பர்களும் பழைய மாணவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கல்லூரி மைதானத்தில் இரண்டு பக்கமும் கோல்போஸ்ட் நிற்கிறதா, சனிக்கிழமை காலையில் மைதானம் கிடைக்குமா என்ற இரண்டு விவரங்களை மட்டும் எனக்குத் தெரிவியுங்கள். பொங்கலுக்குள் அட்டவணையைப் போட்டு, முதல்வர்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தோடு நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.