ஹெட்செட் வாங்கும் முன் மைக்கைப் பற்றி யோசியுங்கள்

கம்ப்யூட்டருக்கு வயர் ஹெட்செட்டா, வயர்லெஸ்ஸா என்ற பேச்சு வந்தாலே பாட்டு எதில் நன்றாகக் கேட்கும் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதில் இன்று பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தெரிவது நீங்கள் வாயைத் திறக்கும்போதுதான். தினமும் மீட்டிங், வகுப்பு, வாடிக்கையாளர் அழைப்பு என்று பேசுபவர்கள் ப்ளூடூத் ஹெட்செட்டை நம்பி இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

காரணம் இதுதான். ப்ளூடூத்தில் பாட்டு கேட்க ஏ2டிபி என்றொரு வழி இருக்கிறது. தரமான ஸ்டீரியோ ஒலி அதில் வரும், ஆனால் அது ஒருவழிப் பாதை. உங்கள் குரல் திரும்பிப் போக அதில் இடமில்லை. மைக் ஆன் ஆனதும் கம்ப்யூட்டர் அதை விட்டுவிட்டு, போன் பேசுவதற்காக உண்டாக்கிய ஹேண்ட்ஸ்-ஃப்ரீ முறைக்குத் தாவுகிறது. அங்கே ஒலி மோனோ. ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை (கோடெக்) பழையது என்றால் நொடிக்கு 8,000 சாம்பிள், அதாவது நொடிக்கு 8,000 முறை ஒலி அளக்கப்படுகிறது; சற்று மேம்பட்டது என்றால் 16,000. சிடி தரத்துக்கு 44,100 என்பதை நினைத்துப் பாருங்கள். 8,000 சாம்பிளில் அதன் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி எதுவும் கடக்காது. 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டுவதே அதற்கு மேலே இருக்கும் பகுதிதான். எதிர்முனையில் இருப்பவர் "திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பதற்கு இது போதும். மீட்டிங்கில் சேர்ந்த நொடியில் பின்னணியில் ஓடும் பாட்டு தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல மாறுவதும் இதனால்தான். ஹெட்செட் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள், பாவம். பழுது எதுவும் இல்லை.

கையில் ஏற்கெனவே ப்ளூடூத் ஹெட்செட் இருந்தால் ஒரு வழி உண்டு. மீட்டிங் செயலியின் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கராக ஹெட்செட்டை வையுங்கள், மைக்காக மட்டும் லேப்டாப்பின் சொந்த மைக்கையோ தனி யூஎஸ்பி மைக்கையோ தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் மைக்கை எந்தச் செயலியும் தொடாதவரை ஸ்டீரியோ அப்படியே நிற்கும். எல்இ ஆடியோ என்ற புது முறை இந்தச் சிக்கலை வேரிலேயே தீர்க்க வந்தது. ஆனால் ஹெட்செட், லேப்டாப்பின் ப்ளூடூத் சிப், டிரைவர், இயங்குதளம் நான்கும் அதற்கு ஒத்துவர வேண்டும். பெட்டியில் 'ப்ளூடூத் 5.3' என்று போட்டிருப்பதால் மட்டும் எல்இ ஆடியோ இருக்கிறது என்று அர்த்தமில்லை.

அடுத்தது தாமதம். ப்ளூடூத்தில் ஒலி சாதாரணமாக 150 முதல் 250 மில்லிசெகண்ட் பிந்தி வரும். வீடியோ பார்க்கும்போது பிளேயர் படத்தையும் அதற்கேற்பத் தாமதித்துக் காட்டுவதால் பெரும்பாலும் தெரியாது. கேமில் அப்படிச் செய்ய முடியாது, கீபோர்டில் இசை வாசிப்பவருக்கும் அதே கதைதான்.

எழுந்து நடந்தபடியே பேச வேண்டும், வயர் ஒத்துவராது என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் யூஎஸ்பி டாங்கிளோடு (கம்ப்யூட்டரில் செருகும் சிறிய ரேடியோ துண்டு) வரும் ஹெட்செட்டைப் பாருங்கள். தாமதம் மிகக் குறைவு, மைக்கைத் திறந்தாலும் ஸ்டீரியோ பெரும்பாலும் குறையாது. ஒலி விட்டுவிட்டு வந்தால் முதலில் டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்கும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கக்கும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. ஒரு யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் வயரில் டாங்கிளைச் செருகி, சிபியூவின் பின்பக்கத்திலிருந்து மேசைமேல் கொண்டுவந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் உதவும். டாங்கிளைத் தொலைத்துவிட்டால் மட்டும் கஷ்டம். எல்லா மாடலுக்கும் டாங்கிள் தனியாகக் கிடைப்பதில்லை.

வயர் ஹெட்செட்டிலும் வம்பு உண்டு. 3.5 மி.மீ. பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் ஒலியும் மைக்கும் ஒரே பின்னில் இருக்கின்றன. அதை டெஸ்க்டாப்பின் பச்சை ஓட்டையில் செருகினால் பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யாது. பச்சை, பிங்க் என இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வேண்டும். லேப்டாப்பைச் சார்ஜில் போட்டதும் 'ம்ம்ம்' என்று இரைந்தால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது மின்தரை (எர்த்) வழியாக வருவது.

இந்த இரண்டு தொல்லையும் பெரும்பாலும் இல்லாதது யூஎஸ்பி வயர் ஹெட்செட். சவுண்ட் கார்டு அதற்குள்ளேயே இருக்கிறது, செருகினால் போதும். பேசுவதே வேலை என்றிருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். பேட்டரி இல்லை, எனவே சில நூறு சார்ஜுக்குப் பிறகு தாங்கும் நேரம் சுருங்கும் கவலையும் இல்லை. வயர் அறுவது பெரும்பாலும் பின்னை ஒட்டிய இடத்தில்தான். வயரைப் பிடித்து இழுக்காமல் பின்னைப் பிடித்துக் கழற்றுங்கள். டெஸ்க்டாப் தரையில் இருந்தால் 2 மீட்டர் நீளமாவது பார்த்து வாங்குங்கள், குட்டையான வயர்தான் நாற்காலி நகரும்போது இழுபட்டு அறுந்துபோகும்.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பின்னணியில் பாட்டை ஓடவிட்டு, ஹெட்செட் மைக்கில் ஒரு நிமிடம் ஏதாவது வாசித்துப் பதிவு செய்யுங்கள். பதிவு தொடங்கியதும் பாட்டின் தரம் விழுகிறதா என்று கவனியுங்கள். பிறகு அந்தப் பதிவை வேறொரு ஸ்பீக்கரில் போட்டு உங்கள் குரலைக் கேளுங்கள்.