ஒரு லிட்டர் கடலெண்ணெய்

போன ஞாயிற்றுக்கிழமை கடலெண்ணெய் வாங்கப் போனேன். ஒரு லிட்டர், அவ்வளவுதான் வேலை. கடை அடுத்த தெருவில்தான். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது.

செக்கு, மரச்செக்கு, வாகை மரச்செக்கு, ரீஃபைண்டு, டபுள் ஃபில்டர்டு. ஒன்றில் கொலஸ்ட்ரால் இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. (எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. இளநீர் வண்டியில்கூட அதை எழுதி ஒட்டலாம்.)

விலையை வைத்தாவது முடிவுக்கு வரலாம் என்று பாக்கெட்டுகளைத் திருப்பினேன். ஒன்று 1 லிட்டர், ஒன்று 910 கிராம், ஒன்று 850 கிராம். மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம். எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதால் 1 லிட்டரும் 910 கிராமும் ஒன்றுதான். 850-தான் ஆளை ஏமாற்றுவது. முன்பெல்லாம் எண்ணெய், டீத்தூள், சோப்பு போன்றவற்றை இன்னின்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு, ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்று பாக்கெட்டில் போடச் சொன்னார்கள். போட்டுத்தான் இருக்கிறார்கள், ஓரத்து மடிப்பில், எறும்பு ஊர்ந்த மாதிரி. நான் கண்ணாடி எடுத்துப் போகவில்லை.

சின்ன வயதில் எங்கள் தெருமுனைக் கடையில் எண்ணெய் டின்னில் இருக்கும். தூக்குவாளியை நீட்டினால் அண்ணாச்சி புனல் வைத்து ஊற்றுவார். சில நாள் ஊற்ற மாட்டார். "இந்த டின்னு அவ்வளவு சரியில்ல தம்பி. கால் லிட்டர் மட்டும் கொண்டு போ, நாளன்னைக்கு புதுசு வருது." மோந்து பார்ப்பது, ஒதுக்குவது எல்லாம் அவர் வேலை. மீறிக் காறலடித்தால் அம்மா வாளியோடு போய் அவரிடமே சண்டை போடுவாள்.

என் எரிச்சல் இதில்தான். அவர் பார்த்த வேலையைச் சம்பளமில்லாமல் என் தலையில் கட்டிவிட்டு, அதற்கு 'சாய்ஸ்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் சரியில்லை என்றால் சண்டை போடவும் ஆளில்லை. "நீங்கதானே பார்த்துப் பார்த்து எடுத்தீங்க?"

அந்தக் காலம்தான் சொர்க்கம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. எங்கள் வீட்டில் தேர்ந்தெடுக்கும் உரிமை முழுக்க அப்பாவிடம் இருந்தது, அம்மாவின் தீபாவளிச் சேலை நிறம் உட்பட. அது திரும்ப வேண்டாம். ரேஷனில் இன்றைக்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். எந்தப் பாமாயில் என்று அங்கே யாரும் குழம்புவதில்லை. வந்திருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்பதுதான் கவலை. அதை நிம்மதி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

1978-ல் பொருளாதார நோபல் வாங்கிய ஹெர்பர்ட் சைமன், மனிதன் எல்லாவற்றையும் அலசி ஆகச் சிறந்ததை எடுப்பதில்லை, தேவைக்குப் போதுமானது கண்ணில் பட்டதும் தேடுவதை நிறுத்திவிடுகிறான் என்றார். எனக்கும் மூன்றாவது பாக்கெட்டிலேயே போதுமானது கிடைத்துவிட்டது. ஆனால் கையில் போன் இருக்கிறதே! ரிவ்யூ பார்த்தேன். ஒருவர் 'அம்மா கை மணம்' என்கிறார், அடுத்தவர் 'கலப்படம், வாங்காதீர்கள்' என்கிறார். ஒரே எண்ணெய்.

கடைசியில் எடுத்தது எது என்கிறீர்களா? பக்கத்தில் ஒரு அம்மா சட்டென்று ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டார். அதையே நானும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நல்லெண்ணெய்.

மாற்றப் போக வெட்கமாக இருந்தது. சாயங்காலம் தெருமுனைக் கடைக்குப் போனேன். இப்போது அண்ணாச்சியின் மகன் இருக்கிறார். "கடலெண்ணெ எது நல்லாருக்கு தம்பி?" என்றேன். போனிலிருந்து தலையைத் தூக்காமல் பின்னாலிருந்த அடுக்கைக் கை காட்டினார்.

"எல்லாமே நல்லாத்தான் போகுது சார். உங்களுக்கு எது வேணும்?"